சைரனும் பூனையும்

என் எருமைகளுக்குப் பெயர் வைத்தது நான்தான். மூத்தது சைரன். விடியற்காலையில் அது கத்தினால், கம்பெனிச் சங்கு ஊதிவிட்டது என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்கு ஓடியவர்கள் இந்தத் தெருவில் உண்டு. இளையது பூனை. அதற்குச் சத்தமே கிடையாது. பசித்தாலும் வலித்தாலும் நின்ற இடத்தில் நின்று நம்மையே பார்க்கும். நெட்டுக்குப்பத்தில் எல்லாரும் கடலை நம்பியிருக்க, மாட்டை நம்பியவள் இந்தக் கன்னியம்மா ஒருத்திதான் என்று கேலி பேசுவார்கள். பேசட்டும். ஆற்றில் அனல்மின் நிலையத்துச் சுடுதண்ணீரும் சாம்பலும் கலந்து மீன் ஒதுங்கிப்போன பிறகு, என் வீட்டுக்காரர் தாமோதரன் வெறும் வலையோடு கரையேறிய நாளில் எல்லாம் எங்கள் அடுப்பு எரிந்தது இந்த இரண்டு ஜீவன்களால்தான். இதை நான் யாரிடமும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னதில்லை.

என் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. பாத்திரத்தோடு கொட்டகைக்கு வா, உன் கண் முன்னாலேயே கறக்கிறேன், வாங்கிக்கொண்டு போ. அதுதான் என் வியாபாரம். கறக்கிற நேரத்துக்கு எதிர்வீட்டு அம்முவின் மகள் கீர்த்தி ஒரு டம்ளரோடு வந்து உட்கார்ந்துகொள்வாள். ஆறு வயது. மடியிலிருந்து நேராக டம்ளரில் பீய்ச்சி, நுரை பொங்கப் பொங்கக் கொடுப்பேன். அந்தச் சூட்டோடு குடித்துவிட்டு வெள்ளை மீசையோடு சிரிப்பாள். பூனையின் பாலில்தான் நுரை அதிகம் என்பாள். போன வருஷம் அது கறவையில் இருந்தவரைக்கும் அதைத்தான் கேட்டு வாங்கிக் குடித்தாள். காய்ச்சினால் சத்துப் போய்விடும், நுரைப்பால் குடித்தால் பிள்ளை தேறும் என்பது எங்கள் குப்பத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. அந்த டம்ளருக்கு மட்டும் நான் காசு வாங்கியதில்லை.

பொங்கலுக்கு முன்னால் கீர்த்தியின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. களிம்பு தடவினார்கள், மந்திரித்தார்கள். கட்டி நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்தது. அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் ஊசியால் உறிஞ்சிச் சோதித்துப் பார்த்து டிபி என்று சொல்லிவிட்டார்கள். நெஞ்சில் இல்லை, கழுத்தில். மற்றவர்களுக்கு ஒட்டாது, ஆறு மாசம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று சொன்ன அதே டாக்டர், குழந்தை பச்சைப்பால் குடிக்குமா என்றும் கேட்டிருக்கிறார்.

அம்மு வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராக என் கொட்டகைக்கு வந்தாள்.

"யக்கா, மாட்டுக்கும் டிபி வருமாமே? பால் வழியா புள்ளைக்கும் வருமாமே? உனுக்குத் தெரியுமா?"

"இன்னாடி ஒளர்ற? எம்மாட்டுக்கு டிபியா? அது இருமி எவன் பாத்தான்?"

"நான் சொல்லல. டாக்டர் சொல்றாரு."

"அவுரு வந்து பாத்தாரா எம்மாட்ட?"

அவள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்த பையிலிருந்து கீர்த்தியின் டம்ளரை எடுத்து என் காலடியில் வைத்தாள். "இத்த நீயே வெச்சுக்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பத்து வருஷமாக என் பாலைக் குடித்த தெரு, ஒரே மத்தியானத்தில் என்னை விஷம் விற்றவளாக்கிவிட்டது. கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டவள் நானேதான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. என் மாடு சுத்தம் என்று எழுதி வாங்கி அம்முவின் முகத்துக்கு நேராக நீட்ட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. டம்ளரைக் கழுவிக் கொட்டகைத் தூணில் இருந்த ஆணியில் மாட்டினேன்.

ராயபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் டாக்டர் மெர்லின் வந்தார். சின்ன வயசு, கறாரான பேச்சு. இரண்டு மாடுகளின் கழுத்திலும் உள்ளங்கை அகலத்துக்கு முடியைச் சிரைத்து, தோலை மடித்து ஒரு கருவியால் அளந்து எழுதிக்கொண்டு, தோலுக்குள்ளேயே சின்னதாக ஊசி போட்டார்.

"மூணாவது நாள் வந்து அளந்து பாப்பேன். வீக்கம் இருந்தா டிபி கிருமி உள்ள இருக்குன்னு அர்த்தம். அதுவரைக்கும் இந்த எடத்துல எதையும் தடவாதீங்க. பூனை கன்னு போட்டு எத்தனை நாள் ஆச்சு?"

"பத்து நாளு."

"கன்னு போட்ட புதுசுல சில மாட்டுக்கு இந்த டெஸ்ட் சரியா காட்டாது. இது நல்லா இருக்குன்னு வந்தாலும் ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு தரம் பாத்தே ஆவணும்."

நான் தலையாட்டினேன். அந்தப் பேச்சு என் காதில் விழுந்ததே தவிர மனசில் ஏறவில்லை.

மூன்றாவது நாள் பூனையின் கழுத்து எப்போதும்போல இருந்தது. சைரனின் கழுத்தில் ஊசி போட்ட இடம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி, தோல் வெந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. மெர்லின் அளந்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"வீக்கம் நெறைய இருக்கு. ஆனா தோல் இந்த மாதிரி புண்ணாவாதே. எதாச்சும் தடவினீங்களா?"

"ஆத்தா சத்தியமா இல்ல டாக்டரம்மா."

சத்தியம் செய்தது நான். பக்கத்தில் நின்ற தாமோதரன் கொட்டகைக் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். சைரனைச் சந்தேகத்துக்குரிய மாடு என்று எழுதிக்கொண்ட மெர்லின், இரண்டு மாட்டுப் பாலையுமே யாருக்கும் ஊற்றக் கூடாது, விற்கவும் கூடாது, மறு சோதனை வரைக்கும் தனியாகக் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே ஒரு மாட்டுத் தரகர் வந்து நின்றார். நான் கூப்பிடவில்லை. இழவு வீட்டுக்கு வருகிறவர்போல மெதுவாகப் பேசினார்.

"மீஞ்சூர் தாண்டி ஒரு பார்ட்டி கீது. கழுத்துல பட்டையா ஒரு கயிறு கட்டி மணி மாட்டினா புண்ணு தெரியாது. யாருக்கும் ஒண்ணும் தெரிய வேணாம், கைமாத்தி வுட்ரலாம்."

"எம்மாட்டுக்கு ஒண்ணுமில்லன்னு நான் சொல்லிகினு கீறேன், நீ இன்னாய்யா மணி கட்ற? கெளம்பு மொதல்ல."

ஆனால் ஊர் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எங்கள் மாட்டை விற்றுவிட்டு வரச் சொல்லித் தீர்மானம் போடப்போகிறார்கள், மறுத்தால் எங்கள் மேல் கட்டுப்பாடு. கட்டுப்பாடு என்றால் ஒருத்தரும் எங்களோடு பேசக் கூடாது, தாமோதரனைப் படகில் ஏற்றக் கூடாது. அதற்குப் பயந்தே பெரிய பெரிய ஆம்பிளைகள் பெட்டிப்பாம்பாக அடங்கியிருக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் குட்டு உடைந்தது. தாமோதரன் மீன் குழம்புச் சோற்றை ஸ்பூனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் ஸ்பூனைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கையைப் பிடித்துத் திருப்பினேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்துப்போய்த் தோல் உரிந்திருந்தன.

அந்தத் தோலுரிப்பு எங்கள் குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும். மரப் படகுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுகிறவன் கையில் வரும். பட்ட இடம் வெந்து, வீங்கி, உரிந்துவிடும். எங்கள் படகுக்கு எண்ணெய் பூசி ஆறு மாசம் ஆகிறது.

"இன்னாய்யா இது?"

"ஈ மொய்ச்சிகினு இருந்துச்சு கன்னிமா. செரச்ச எடமாச்சே, புழு வெச்சிடப் போவுதேன்னு பயந்துட்டேன். மரத்த அரிக்கிற பூச்சியே அந்த எண்ணைக்குக் கிட்ட வராது, ஈ எந்த மூலைக்குன்னு ரெண்டு சொட்டு தடவுனேன்."

"எதுக்கு? சைரனுக்கா?"

"சைரனுக்குத்தான். பூனைக்கு வெக்கறதுக்குள்ள எண்ணை தீந்துபோச்சு."

"நான் ஆத்தா பேர்ல சத்தியம் பண்ணும்போது வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"டாக்டரம்மா திட்டுவாங்கன்னுதான்."

எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. என் சைரன் சுத்தம். அந்த வீக்கம் நோய் இல்லை, இந்த மனுஷனின் பாசம். பாதிச் சாப்பாட்டில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன்.

ஊர்க்கூட்டத்துக்குள் பெண்கள் போகிற வழக்கம் இல்லை. ஓரமாக நின்று கேட்டுவிட்டு வீட்டில் போய் அழுவதுதான் வழக்கம். நான் நடுவில் போய் நின்றேன். தலைவர் சுப்பராயன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பொம்பளைங்க வெளிய நில்லும்மா. தாமோதரன் பேசட்டும்."

"அவுரு பேசற ஆளா இருந்தா இவ்ளோ பேஜாரே வந்திருக்காது தலைவரே. இந்தக் கட்டவெரல பாருங்க. எல்லாரும் படகுல போறவங்கதான, இது இன்னான்னு நான் சொல்லணுமா?"

விரலைத் தூக்கிக் காட்டினேன். முன்வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர், "முந்திரி எண்ணை" என்றார். இன்னொருவர் சிரித்துவிட்டார். என்ன நடந்தது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் முழுக்கச் சிரித்தது. தாமோதரன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுப்பராயன் சிரிக்கவில்லை. "எண்ணையோ இன்னாவோ, டாக்டரம்மா சந்தேகம்னு எழுதிட்டாங்க. ஒரு புள்ள சீக்குல கீது. மாட்ட வித்துடு, ஊருக்கு நிம்மதி."

"எந்த ஊருக்கு நிம்மதி? வாங்கறவன் ஊருக்கா? நம்ம தலைமேல சாம்பல் கொட்டிகினு கீது, அங்க போயி இந்த மாதிரி கூட்டம் போட்டு ஒரு வார்த்த கேட்டீங்களா? வாயில்லாத ஜீவன்கிட்ட வந்து வீரத்த காட்றீங்க. ரெண்டு மாசம் கழிச்சு டாக்டரம்மா மறுபடியும் வர்றாங்க. அதுவரிக்கும் ஒரு சொட்டு பால் விக்க மாட்டேன். மாட்டையும் விக்க மாட்டேன். இன்னா உண்மையோ அத்த இந்த ஊரே பாக்கட்டும்."

என் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். கேட்கட்டும் என்றுதான் பேசினேன். ஓரத்தில் பெண்களோடு அம்முவும் நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. கடைசியில் சுப்பராயன், சரி, ரெண்டு மாசம், என்று எழுந்துவிட்டார்.

மறுநாளே மெர்லினுக்குப் போன் செய்து எண்ணெய் விஷயத்தைச் சொன்னேன். தாமோதரனிடம் போனைக் கொடுக்கச் சொல்லி ஐந்து நிமிஷம் திட்டினார்.

அந்த அறுபது நாளும் எப்படிப் போயின என்று எனக்குத்தான் தெரியும். கறக்காவிட்டால் மடி கட்டிக்கொள்ளும். அதனால் கறந்தேன். கறந்த பாலைச் சுண்ணாம்பு போட்ட குழியில், தெருவே பார்க்க, கொட்டி மூடினேன். வெள்ளைப் பால் மண்ணில் இறங்குவதைப் பார்க்கும்போது வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடு காசிமேட்டுக்கு பஸ் ஏறிப் போய் மீன் தரம் பிரிக்கிற கூலி வேலை பார்த்துவிட்டு வந்து தீவனம் போட்டேன். கீர்த்தி தினமும் மாத்திரை சாப்பிட்டாள். வாசலில் விளையாடும்போது கொட்டகையைப் பார்ப்பாள், அம்மு உள்ளே இழுத்துக்கொள்வாள். ஒவ்வொரு தடவையும் எனக்குள் நான் சொல்லிக்கொண்டது ஒன்றுதான்: வரட்டும் அந்த நாள், என் மாடு இல்லை என்று நிரூபித்துவிட்டு உன் முகத்தைப் பார்க்கிறேன்.

இரண்டாவது தடவை ஊசி போட்டபோது தாமோதரனை மூன்று நாளைக்கு முகத்துவாரக்குப்பத்தில் இருக்கிற அவர் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். காலி எண்ணெய்ச் சட்டியையும் கையோடு கொடுத்து அனுப்பினேன்.

முடிவு பார்க்கிற நாள் காலையில் என் வேலிக்கு வெளியே பாதிக் குப்பம் நின்றது. சுப்பராயன் வந்திருந்தார். அந்தத் தரகரும் கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தார். கீர்த்தியைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மு எதிர்வாசலில் நின்றாள். உள்ளே மெர்லின், நான், மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்த தாமோதரன்.

மெர்லின் சைரனின் தோலை மடித்து அளந்தார். குறிப்பைப் பார்த்தார். மறுபடி அளந்தார்.

"சைரனுக்கு ஒண்ணும் இல்ல. போன தடவை வந்தது எண்ணையாலதான்."

வேலிக்கு வெளியே ஒருத்தன் விசிலடித்தான். கைதட்டினார்கள். சுப்பராயன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஊரு உன்ன தப்பா நெனச்சிடுச்சு கன்னியம்மா. நாளைலேர்ந்து பால ஊத்து" என்றார். தன் தப்பை ஊர் தலையில் வைத்துவிட்டு நழுவுகிற பேச்சுதான். இருந்தாலும் அந்த ஒரு வார்த்தைக்காக அறுபது நாள் காத்திருந்தவள் நான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு மூன்று பெண்கள், இப்போதே பாத்திரம் எடுத்து வருகிறேன் என்று கிளம்பினார்கள். நான் தூணிலிருந்த டம்ளரை எடுத்தேன். அம்முவிடம் கொண்டுபோய் நீட்ட வேண்டும். இரண்டு மாசமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்தது அது.

"கன்னியம்மா அக்கா, இங்க வாங்க."

மெர்லின் இன்னும் பையை மூடவில்லை. பூனையின் பக்கத்தில் நின்றிருந்தார். என் விரலைப் பிடித்து அதன் கழுத்தில் வைத்தார். சிரைத்த இடத்தில் கெட்டியாக, சூடாக, ஒரு வீக்கம். புண் இல்லை, கசிவு இல்லை. பூனை அசையாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"இதுல எதுவும் தடவலையே?"

தாமோதரன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "நான் ஊர்லயே இல்ல டாக்டரம்மா."

"அப்ப இது டிபிதான். போன தடவை கன்னு போட்ட புதுசுங்கறதால காட்டல."

"கீர்த்திக்கு இதுகிட்டேர்ந்துதான் வந்துச்சா?"

"அத யாராலயும் உறுதியா சொல்ல முடியாதுக்கா. வந்திருக்கலாம்."

பூனைப் பாலில்தான் நுரை அதிகம் என்று சொல்லிச் சொல்லி டம்ளரை நீட்டிய பிள்ளை. பீய்ச்சிக் கொடுத்தது என் கை. தண்ணீர் கலக்காதவள் என்கிற பெருமையில், காய்ச்சாமல் கொடுக்கிறோமே என்று ஒரு நாள்கூட நான் யோசித்ததில்லை.

தாமோதரன் என் காதருகில் குனிந்தார். "எல்லாரும் சைரனத்தான் கேட்டாங்க. பூனைய எவனும் கேக்கல. கூட்டம் கலையட்டும் கன்னிமா. அப்பால அந்தத் தரகர்கிட்ட..."

"வாய மூடு."

அவர்மேல் வந்த கோபம் இல்லை அது. அவர் சொல்லி முடிப்பதற்கு முன்னால் என் மனசும் அங்கேதான் போய் நின்றிருந்தது. அதனால் வந்த கோபம். உண்மையை இந்த ஊரே பார்க்கட்டும் என்று கோயில் வாசலில் கத்தியவள் நான். அது எனக்குச் சாதகமாக வரும் என்று நினைத்துத்தானே கத்தினேன்?

டம்ளரைக் கையில் பிடித்தபடியே வேலியைத் திறந்து வெளியே வந்தேன்.

"எல்லாரும் நில்லுங்க. பாத்திரம் எடுத்துகினு வராதீங்க. சைரனுக்கு ஒண்ணுமில்ல. பூனைக்கு டிபி கீது. இப்பதான் தெரிஞ்சுது, டாக்டரம்மா உள்ளதான் கீறாங்க, போயி கேட்டுக்குங்க. போன வருசம் அதும் பால நீங்க எல்லாரும் வாங்கிகினு போனீங்க. காச்சிக் குடிச்சவங்க பயப்பட வேணாம். பச்சையா குடிச்ச புள்ளைங்கள ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயி பாக்கணும்."

 எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சுப்பராயன் கையை உயர்த்தி அடக்கினார்.

"செரி, தெரிஞ்சிபோச்சு. இன்னிக்கே அத்த வித்து ஊர வுட்டு அனுப்பிடு. அதோட முடிஞ்சுது."

கூட்டத்தின் கடைசியில் நின்ற தரகர் முன்னால் வந்தார்.

"விக்க மாட்டேன் தலைவரே."

"இன்னா, மறுபடியும் மொதல்லேர்ந்தா?"

"அன்னிக்கு எம்மாடு சுத்தம்னு விக்கல. இன்னிக்கு சீக்குன்னு விக்க மாட்டேன். நான் வித்தா, இவுரு மணியக் கட்டி இன்னொருத்தர் தலையில கட்டுவாரு. அங்க ஒரு கீர்த்தி டம்ளரத் தூக்கிகினு வந்து குந்துவா. அது என் கையால நடக்காது. தனியா கொட்டா போட்டுக் கட்டி வெக்கறேன், பால வத்த வெச்சுடுவேன், தீனி போடுவேன். டாக்டரம்மா இன்னா சொல்றாங்களோ அத்தச் செய்யறேன். அது சாவறதுன்னாலும் என் வாசல்லதான் சாவும். கட்டுப்பாடு போடறதுன்னா போட்டுக்குங்க."

"சொம்மா தீனி போட்டு நீ இன்னாத்த கண்ட?"

"பத்து வருசமா எங்க வூட்டு அடுப்பு எரிஞ்சுதே, அத்தக் கண்டேன். நாளிக்குக் காலைல ஆஸ்பத்திரிக்குப் போறேன். புள்ளைங்கள அனுப்பறவங்க அனுப்புங்க. மொதல்ல என் கழுத்தையும் இவுரு கழுத்தையும்தான் காட்டப் போறேன்."

அம்மு தெருவைத் தாண்டி வந்தாள். கீர்த்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், கட்டி பாதியாக வற்றியிருந்தது. அம்மு அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவள் என் கையிலிருந்த டம்ளரை வாங்கி, அதற்குள்ளே ஒரு தடவை பார்த்துவிட்டு இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"நாளிக்கு எத்தினி மணிக்குக் கெளம்பணும் யக்கா?"

அறுபது நாள் கழித்து அவள் என்னிடம் பேசியது அதுதான்.

"ஆறு மணிக்கு."

"கீர்த்திக்கு நாளிக்குத்தான் மாத்திர வாங்கற நாளு. ஒண்ணாவே போலாம்."

அவள் வீட்டுக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கொட்டகைக்குள் போய்ப் பூனையை அவிழ்த்து, வேப்பமரத்தடியில் தனியாகக் கட்டினேன்.